நீலம் வராத தண்ணீர்

அத்தியாயம் 14

பதினோரு நாளாக அந்த வீட்டில் வாப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் உம்மு ஹானி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஒரே தட்டிலிருந்து மீன் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து போகும் இரண்டு ஆம்பளைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

பழவேற்காடு கடைத்தெருவின் கோடியில் இருக்கும் முகைதீன் மரவாடி உங்களுக்குத் தெரிந்ததுதான். மர ஏலத்துக்காக ஜவ்வாது மலைப் பக்கம் போன முகைதீன் பத்து நாள் அங்கேயே தங்கிவிட்டதும், மரவாடியை முதல்முறையாக மகன் முகம்மது ரியாஸ் கையில் கொடுத்துவிட்டுப் போனதும் நினைவிருக்கும். திரும்பி வந்த மறுநாளிலிருந்துதான் இந்த மௌனம். ரியாஸுக்கு இருபத்தேழு வயது. வாப்பாவிடம் ஒருமுறையாவது 'பரவாயில்லையே' என்ற சொல்லை வாங்கிவிட வேண்டும் என்று பத்து வருடமாகக் காத்திருப்பவன்.

இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அந்த மௌனம் உடைந்தது. பொன்னேரிக்குப் பஸ் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொண்டே முகைதீன் சொன்னார்.

"கோதண்டம் போட்டு இன்னிக்கு இறங்குது. மரம் குடுத்தவன் உக்காரணும். நீதானே குடுத்தே? நீ போய் உக்காரு."

அவ்வளவுதான். போய்விட்டார். ரியாஸ் வாசலைப் பார்த்தபடியே நின்றான்.

அந்தக் கரையில் அது வழக்கம். புதுப் படகு முதல்முறை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போய்த் திரும்பும்போது, அதற்கு மரம் கொடுத்தவர் பின்பலகை ஓரமாக உட்கார்ந்து கூடப் போக வேண்டும். என் மரத்தை நம்பி நீ போகிறாய், உன்னோடு நானும் வருகிறேன் என்று பொருள். படகெல்லாம் பைபராக மாறிய பிறகும் வழக்கம் மாறவில்லை. ஏனென்றால் பைபர் படகுக்குள்ளும் ஒரு மரம் இருக்கிறது. இன்ஜினைத் தாங்கும் பின்பலகை. அதை வைத்து, போல்ட் போட்டு, மேலே பைபர் பூசி மூடிவிட்டால் உள்ளே இருப்பது எந்த மரம் என்று படைத்தவனுக்கும் பூசியவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

இத்தனை வருடமும் முகைதீன்தான் உட்கார்ந்தார். இன்று மீனவர் குப்பத்துக் கோதண்டத்தின் படகில் உட்கார முதல்முறையாக மகனை அனுப்புகிறார். மனம் இளகிவிட்டது போலிருக்கிறது என்று உம்மு ஹானி நினைத்தாள். சமையலறைக்குள் போகும்போது வாய்க்குள் ஒரு பாட்டுகூட வந்தது.

அந்தப் பாட்டு அரை நிமிடம்தான் நீடித்தது.

உம்மு ஹானிக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. பொன்னேரி டாக்டர் கொடுக்கும் மாத்திரை ஒரு பக்கம் இருக்க, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வேங்கைத் தண்ணீர் குடிப்பாள். அதனால் என்ன பலன் என்று டாக்டரிடம் கேட்டால் சிரிப்பார். அவர் சிரித்துவிட்டுப் போகட்டும், மரவாடி வைத்திருப்பவன் பெண்டாட்டி வேறு எதைக் குடிப்பாள்?

வேங்கைத் துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டால் விடியும்போது தேன் நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கண்ணாடி டம்ளரை வெயிலில் பிடித்துச் சாய்த்தால் விளிம்பில் நீலம் ஓடும். மயில் கழுத்து நீலம். மரவாடிக்கு வருகிற வேறு எந்த மரத்தைப் போட்டாலும் அந்த நீலம் வராது. தேக்கில் வராது, மருதில் வராது, கப்பலில் வரும் எந்த வெளிநாட்டுக் கட்டையிலும் வராது.

பழைய துண்டுகளில் சாரம் போய்விட்டது என்று பத்து நாளாக ரியாஸிடம் புதுத் துண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு உம்மா" என்றே நாளைக் கடத்தினான். நேற்றுச் சாயங்காலம் பொறுமை போய், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரவாடிக்குத் தானே போனாள்.

போன வாரம் கண்ணில் பட்ட மாற்றம் மரவாடியில் அப்படியே இருந்தது. வாசலை ஒட்டி எப்போதும் இருக்கும் கனமான வேங்கை மேசையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மேசை. அப்போதே அதைப் பற்றி முகைதீனிடம் கேட்டிருந்தாள். "கரையான் அரிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவளும் விட்டுவிட்டாள்.

அறுத்துக் கழித்த துண்டுகள் கிடக்கும் மூலையில் கைப்பிடி அளவு கட்டை ஒன்று கிடைத்தது. சிவந்த நிறம், நல்ல கனம். அதன் மேல் ரியாஸின் கையெழுத்தில் நீலச் சாக்பீஸில் 'கோதண்டம் - பின்பலகை' என்று எழுதியிருந்தது. கோதண்டத்தின் படகுக்குக் கொடுத்தது வேங்கை என்று ஊருக்கே தெரியும். பிறகென்ன, தேங்காய் உடைக்கும் கத்தியால் நாலு சில்லு சீவி, ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டாள்.

இப்போது டம்ளரை ஜன்னல் வெயிலில் பிடித்தாள்.

தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். நீலம் இல்லை.

கண்ணாடியில் அழுக்கோ என்று வேறு டம்ளரில் ஊற்றிப் பார்த்தாள். கொல்லைப்புறத்துக்கே போய் முழு வெயிலில் பார்த்தாள். ஒரு சில்லை எடுத்துக் கடித்தாள். முட்டிவலிக்கு அவள் தேய்க்கும் தைலத்தின் வாசனை இருந்தும் இல்லாததும்போல மூக்கில் ஏறியது.

கட்டையை எடுத்து வந்து டம்ளர் பக்கத்தில் போட்டாள்.

"ரியாஸ்! டேய் ரியாஸ்! இங்க வா."

வெள்ளைச் சட்டையும் புதுக் கைலியுமாகக் கிளம்பி நின்றவன் வந்தான். டம்ளரைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த கட்டையில் தன் கையெழுத்தைப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"நீலம் எங்கடா?" என்றாள்.

"உம்மா..."

"நீலம் எங்கடான்னு கேக்கறேன். இது இன்னா மரம்?"

"தைலமரம்."

அவள் பிள்ளையை அடித்து இருபது வருடம் இருக்கும். இன்று கை தானாக ஓங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வாப்பா போறப்ப ஒரு வேங்கைப் பலகை அறுத்து வெச்சிட்டுப் போனாரு. கோதண்டம் மாமாவுக்குன்னு" என்றான் ரியாஸ். "ரெண்டு முனைக்கும் பெயின்ட் அடி, நிழல்ல கிடத்து, தானாக் காயட்டும், அவசரப்படாதேன்னு சொன்னாரு. மாமா தினம் வந்து கேட்டுக்கினே இருந்தாரு. நான்தான், வாப்பா வர்றதுக்குள்ள முடிச்சுக் காமிக்கலாம்னு தகர ஷீட்டு மேல வெயில்ல போட்டேன். முனைக்குப் பெயின்ட்டும் அடிக்கல."

"அப்புறம்?"

"நாலே நாள். இந்த முனையிலருந்து அந்த முனை வரைக்கும் பொளந்துக்கிச்சு. விரல் போற அளவுக்கு."

"பொளந்தா சொல்றதுக்கு வாயில்லியா உனக்கு?"

"சொன்னா இன்னா சொல்வாரு? 'ஒரு பலகைய காயவைக்கத் தெரியல'ன்னு தொழுகைக்கு வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்வாரு. அதான் தைலமரப் பலகை ஒண்ணை எண்ணெய் பூசிக் குடுத்துட்டேன். நிறம் ஒத்துப்போச்சு. கனமும் ஒத்துப்போச்சு. ஆசாரி பெலிக்ஸ் அண்ணனே கண்டுபிடிக்கல."

நிறமும் கனமும் ஒத்துப்போகும். ஆனால் குணம் வேறு. வேங்கை உப்புத்தண்ணி உள்ளே இறங்கினாலும் உளுக்காது. போல்ட் போட்ட இடத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், இன்ஜின் அதிர அதிர இன்னும் இறுகும் என்பார்கள். தைலமரம் பார்க்கத்தான் முரட்டுக் கட்டை. துளை போட்ட இடத்திலிருந்து நேர்கோடாக வாய் பிளக்கும். அடுப்புக்கும் கம்பத்துக்கும் ஆகும், ஆள் உயிரைத் தாங்க ஆகாது. முகத்துவாரத்தில் அலை மடிகிற இடத்தில் பின்பலகை பிளந்தால் இன்ஜின் தண்ணீருக்குள் போகும். இன்ஜின் போன படகை அலை குறுக்கே திருப்பிக் கவிழ்க்க ஒரு நிமிடம் போதும். மரவாடிக்காரன் பெண்டாட்டிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"போன் பண்ணு. போட்ட எறக்க வேணாம்னு சொல்லு" என்றாள்.

"இன்னிக்கு ஊரே கூடி நிக்குது உம்மா. பத்தரைக்கு நல்ல நேரம். இப்பப் போயி..."

"அதுக்கு?"

"நான்தான் உக்காரப் போறேனே. சும்மா போயிட்டுத் திரும்பறதுதான். ரெண்டு நாள் கழிச்சு, பலகையில சின்ன வேலை இருக்குன்னு கழட்டி மாத்திடறேன். அல்லா மேல ஆணையா மாத்திடறேன். எதுனா ஆனா எனக்கும்தானே ஆவும்?"

"உனக்கு ஆனா பரவால்லியா? நான் இன்னா கல்லுல செஞ்சவளா?"

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் பைக் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

முகைதீனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பஸ்ஸில் இருக்கும்போது அந்த மனிதர் போனை எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. மறுபடி போட்டாள். மறுபடியும் ஓய்ந்தது.

புர்காவை மாட்டிக்கொண்டு, டம்ளர் தண்ணீரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி மூடி, புர்காவுக்குள் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். முதலில் வந்த ஆட்டோவை மறித்தாள்.

"குப்பத்துக்கு. சீக்கிரம் போப்பா."

பாலத்தின் மேல் ஏறும்போது வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. ஏரி கலங்கிக் கிடந்தது. வழியெல்லாம் அவள் யோசித்தது ஒன்றைத்தான். சொன்னால் மகன் மானம் போகும். கூடவே முகைதீன் மரவாடி என்ற பெயரும் போகும். அந்தக் கரையில் இனி எவன் அவர்களிடம் ஒரு குச்சி வாங்குவான்? சொல்லாவிட்டால்? கோதண்டத்துக்கு அறுபது வயது. அவர் பெண்டாட்டி கஸ்தூரியம்மாளும் இவளும் மாதம் ஒருமுறை பொன்னேரியில் சர்க்கரை பார்க்க ஒன்றாகப் போகிறவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் பொரி தின்கிறவர்கள். அவளுக்கும் வேங்கைத் துண்டு இந்த வீட்டிலிருந்துதான் போகிறது.

ஆட்டோ நின்றபோது மணி பத்தே கால்.

கரையில் கூட்டம். புதுப் படகு நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் மினுங்க, பாதி தண்ணீரிலும் பாதி மணலிலுமாக நின்றது. மூக்கில் மாலை, எலுமிச்சம்பழம், குங்குமம். பின்னால் புது இன்ஜின். பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கோதண்டம் நின்றார். பட்டுப்புடவையில் கஸ்தூரியம்மாள். பசியாவரத்தில் கட்டிக்கொடுத்த மகள் மாலா முதல்நாளே வந்துவிட்டாள். ஆசாரி பெலிக்ஸ் தோளில் துண்டோடு, தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டு, படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ரியாஸ் ஏற்கெனவே படகுக்குள் இருந்தான். பின்பலகை ஓரம். உம்மாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"வா பாயம்மா!" என்று கஸ்தூரியம்மாள் கையைப் பிடித்தாள். "பாய் வரலன்னதும் எனக்கு ஒருமாதிரி ஆயிடுச்சு. நீயாவது வந்தியே. இன்னா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?"

உம்மு ஹானி பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இன்னாது, எனக்கா?" கஸ்தூரியம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். பழக்கம் விடுமா? தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. இன்னொரு பக்கம் சாய்த்தாள்.

"இது வேங்கை இல்லியே" என்றாள் உரக்க.

"இல்ல" என்றாள் உம்மு ஹானி. "உங்க பின்பலகையில அறுத்த துண்டு கஸ்தூரி, அதைத்தான் ஊறப்போட்டேன்."

பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள். கோதண்டம் திரும்பினார். பூசணிக்காயை மணலில் வைத்தார்.

"இன்னா பாயம்மா சொல்றே?"

அவள் பதில் சொல்லும்முன் படகுக்குள்ளிருந்து ரியாஸ் எழுந்தான். குரல் நடுங்கவில்லை. அதை மட்டும் அவன் கணக்கில் எழுதியாக வேண்டும்.

"உம்மா சொல்றது நெசம் மாமா. வேங்கை வெயில்ல பொளந்துடுச்சு. நான் உங்களுக்குத் தைலமரத்தைக் குடுத்துட்டேன். வாப்பாவுக்குத் தெரியாது."

மேளக்காரர் கை நின்றது.

கோதண்டம் படகுக்குப் பக்கத்தில் போய் நின்று அவனை அண்ணாந்து பார்த்தார். "தெரிஞ்சேதான் ஏறி உக்காந்தியா?"

"ஆமா மாமா."

"எங்கூட வர என் பையன் மோகனும் ஏறுவான்னு தெரியும் இல்ல?"

ரியாஸ் அழுதுவிட்டான்.

"யாரு சொன்னா தைலமரம்னு?" பெலிக்ஸ் ஆசாரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "இந்தப் போட்டுல நான் வெச்சது வேங்கை. என் கையால வெச்சேன்."

"இல்லண்ணே. நான் உங்ககிட்ட குடுத்தது தைலமரம்."

"நீ குடுத்தது..." என்று தொடங்கிய பெலிக்ஸ் சட்டென்று நிறுத்தினார். "நீ குடுத்தது தைலமரமா?"

"ஆமாண்ணே."

"வேங்கைனு சொல்லித்தானேடா குடுத்தே!"

"பொய் சொன்னேண்ணே."

பெலிக்ஸின் முகத்திலிருந்த சிவப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வேலைக்காரனுக்கு வந்த ரோஷம் என்று கூட்டம் நினைத்தது. உம்மு ஹானிக்கு மட்டும் அது ரோஷமாகத் தெரியவில்லை.

"பேச்சு வேணாம்" என்றார் கோதண்டம். "பெலிக்ஸு, மிஷினை எடு. உள்பக்கமா ஒரு ஓட்டை போடு. தூள் வரட்டும். பாத்துடலாம்."

"புதுப் போட்டுல ஓட்டையா நைனா?" என்றாள் மாலா.

"போடச் சொல்லு."

நல்ல நேரத்தில் மாலை போட்ட படகின் உள்பலகையில் பேட்டரி டிரில் உறுமியது. பைபர் வெள்ளையாக உதிர்ந்தது. பிறகு மரத்தூள். பெலிக்ஸ் அதை உள்ளங்கையில் பிடித்துக் கொண்டுவந்தார். பாதி காற்றில் போனது. பூசைக்கு வைத்திருந்த கண்ணாடி டம்ளரில் கஸ்தூரியம்மாள் தண்ணீர் ஊற்றி, தூளைப் போட்டு, விரலால் கலக்கி, படகின் விளிம்பில் வெயிலில் வைத்தாள்.

எல்லோரும் ஒரு டம்ளரைச் சுற்றி நின்றார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பெண்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளி நின்ற பெலிக்ஸ் போனைக் காதில் வைப்பதும் எடுப்பதும் மறுபடி யாருக்கோ போடுவதுமாக இருந்தார்.

தண்ணீர் மஞ்சளாயிற்று. மஞ்சள் தேனாயிற்று. கஸ்தூரியம்மாள் டம்ளரைத் தூக்கிச் சாய்த்தாள்.

விளிம்பில் நீலம் ஓடியது.

"வேங்கை!" என்று கத்தினாள் கஸ்தூரியம்மாள். "நல்ல வேங்கை! பாரு பாயம்மா, பாரு!"

உம்மு ஹானி டம்ளரை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ரியாஸ் படகிலிருந்து குதித்து ஓடிவந்து பார்த்தான். பேயறைந்தவன்போல நின்றான்.

"எப்படி? நான் குடுத்தது..."

"பாய் மொதலாளி மாத்திட்டாரு" என்றார் பெலிக்ஸ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஊர்லருந்து வந்த மறுநாளே ஷெட்டுக்கு வந்தாரு. பைபர் பூசறதுக்கு முந்தி. பலகையத் தட்டிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. 'அளவு பத்தல பெலிக்ஸு, மாத்திடு'ன்னாரு. மரவாடியில கெடந்த பெரிய மேசைய அவரே வண்டியில ஏத்திக்கினு வந்து, மேல்பலகைய அறுக்கச் சொன்னாரு. பையனுக்குத் தெரிய வேணாம்னாரு. இன்னாத்துக்குன்னு நான் கேக்கல."

வேங்கை மேசையைக் கரையான் அரித்துவிட்டதாம்! கரையான் எட்டிப் பார்க்காத மரத்தைப் பற்றி அந்த மனிதர் சொன்ன பொய்யை, மரவாடிக்காரன் பெண்டாட்டியாகிய தான் எப்படி நம்பினோம் என்று உம்மு ஹானிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவருக்குப் பதினோரு நாளாகத் தெரியும். பலகையைப் பத்திரமாக மாற்றி வைத்துவிட்டு, மகன் தானாக வாயைத் திறக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் 'நீ போய் உக்காரு' என்று அனுப்பியதும் அதற்குத்தான். அவன் பயத்தோடு உட்கார்ந்து போகட்டும் என்று.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "பாய் பாய்தான்யா!" என்றான் ஒருவன். மேளக்காரர் ஒரு தட்டு தட்டினார். கோதண்டத்தின் தோள் தளர்ந்து இறங்கியது. "ஓட்டைய அடைங்கடா, நேரம் போவுது" என்று பூசணிக்காயைக் குனிந்து எடுத்தார்.

பெலிக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. போன் இன்னும் அவர் காதில் இருந்தது.

"பெலிக்ஸண்ணே" என்றாள் உம்மு ஹானி. "யாருக்குப் போன் போடறீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து இறக்கினார்.

"கழட்டின பழைய பலகை எங்கண்ணே?"

"'ஓரமா போடு'ன்னு மட்டுந்தான் மொதலாளி சொன்னாரு" என்றார் பெலிக்ஸ். "அளவு பத்தலன்னுதானே கழட்டினோம். முழுசா ரெண்டு இஞ்ச் வேங்கை, சின்ன போட்டுக்குப் பத்துமே, வீணாப் போவுதேன்னு..."

"யாருக்குக் குடுத்தே?" என்றார் கோதண்டம்.

பெலிக்ஸ் வாயைத் திறக்கும்முன் மாலாவின் குரல் கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டாள், இன்னும் முழுதாகப் புரியாதவள்போல.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் போன வாரம் பெலிக்ஸண்ணன் பின்பலகை மாத்திக் குடுத்தாரு. வேங்கைனு சொன்னாரு. சும்மாவே போட்டுக் குடுத்தாரு நைனா, நம்ம மாப்பிள்ளைன்னு."

மாலாவின் புருஷன் இளவழகன் மாமனாரின் புதுப் படகு விருந்துக்கு மீன் கொண்டுவருவதாகச் சொல்லி விடியற்காலையில் கடலுக்குப் போயிருக்கிறான். ஒன்பதரைக்கெல்லாம் கரையில் நிற்பேன் என்று சொல்லியிருந்தான். மணி இப்போது பத்தேமுக்கால். அவன் வராததைப் பற்றி இதுவரை யாரும் கவலைப்படவில்லை. நல்ல மீன்பாடு கிடைத்திருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாட் ரீச்சபிள்னு வருது" என்றார் பெலிக்ஸ். "ஆறு தடவ போட்டுட்டேன்."

மாலாவின் கையிலிருந்த ஆரத்தித் தட்டைக் கஸ்தூரியம்மாள் பிடுங்கிக் கீழே வைத்தாள். இல்லாவிட்டால் அது விழுந்திருக்கும்.

உம்மு ஹானியின் போன் அடித்தது. முகைதீன். பொன்னேரியில் இறங்கிவிட்டார் போலிருக்கிறது.

"இன்னா, இத்தினி தடவ போன் பண்ணியிருக்கே? போட்டு எறங்கிடுச்சா? பையன் உக்காந்தானா?" குரலில் ஒரு திருப்தி இருந்தது. "அவன் எதுனா சொன்னானா?"

"சொன்னான். ஊருக்கு முன்னாடி சொன்னான்" என்றாள். "நீங்கதான் சொல்லல. அந்தத் தைலமரத்தை ஏங்க எரிக்கல?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"அது தைலமரம்னு பெலிக்ஸு கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? புள்ள மானத்தைக் காப்பாத்தறேன்னு வாய மூடிக்கினீங்களே. இப்ப அது மாலா புருஷன் போட்டுல போயி கடல்ல நிக்குதுங்க!"

பதிலுக்குக் காத்திராமல் அணைத்தாள். புருஷன் பேச்சைப் பாதியில் அறுத்தது அவள் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

கரையில் யாரும் பூசணிக்காய் உடைக்கவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை. கோதண்டம் மாலையைப் பிய்த்து மணலில் எறிந்தார். மோகன் கயிறும் டீசல் கேனும் எடுத்து உள்ளே போட்டான். பெலிக்ஸ் டிரில் போட்ட ஓட்டையில் துணியைத் திணித்து எம்-சீல் வைத்து அழுத்தினார். பத்துக் கைகள் படகைத் தண்ணீருக்குத் தள்ளின. ரியாஸும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளினான். யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. படகு மிதந்ததும் அவன் மட்டும் தண்ணீரில் நின்றான்.

கோதண்டம் திரும்பினார்.

"இன்னாடா நிக்கறே? மரம் குடுத்தவன் உக்காரணும். ஏறு."

ரியாஸ் விளிம்பைப் பிடித்து ஏறினான். பின்பலகை ஓரம் உட்கார்ந்தான். இன்ஜின் ஒரே இழுப்பில் உயிர்பெற்றது. புதுப் படகு தன் முதல் ஓட்டத்தை மேளமில்லாமல் தொடங்கியது.

உம்மு ஹானி நீலத் தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கீழே வைக்கத் தோன்றவில்லை. கஸ்தூரியின் கையைப் பிடிக்கலாம் என்று பக்கத்தில் போனாள். கஸ்தூரி நகர்ந்துகொண்டாள். ஒரு அடிதான். பொன்னேரி பெஞ்சில் ஒன்பது வருடம் ஒட்டி உட்கார்ந்தவள் ஒரு அடி நகர்ந்தது உம்மு ஹானிக்கு நெஞ்சில் குத்தியது. தன்னைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவளால் வாதாட முடியும். அந்த நேரத்தில் வாதாட அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மாலா மணல்மேட்டின் உச்சிக்கு ஓடினாள். இரண்டு தாய்மாரும் பின்னாலேயே ஏறினார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் ஏரியும் முகத்துவாரமும் அதற்கப்பால் கடலும் ஒரே பார்வையில் தெரியும்.

"அதோ!" என்றாள் மாலா. "அதோ வர்றாரு! செவப்புக் கொடி! எங்க போட்டுதான்!"

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், அலை மடிகிற வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, சின்னதாக ஒரு படகு. சிவப்புக் கொடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கஸ்தூரியம்மாள் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினாள்.

உம்மு ஹானி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். படகின் மூக்கு கரையைப் பார்த்து இல்லை. பக்கவாட்டில் இருந்தது. பின்பக்கம் தாழ்ந்து, அலை வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. ஒரு ஆள் எழுந்து நின்று துடுப்புக் கழியைத் தண்ணீரில் ஊன்றப் பார்த்தான். ஊன்ற நிலம் கிடைக்கவில்லை.

"மாலா" என்றாள் உம்மு ஹானி. "உங்க போட்டுல மொத்தம் எத்தினி பேரு போனாங்கம்மா?"

"மூணு பேரு அத்தே" என்றாள் மாலா. "அவரு, அவரு தம்பி, இன்னொருத்தர்."

உம்மு ஹானி மறுபடி எண்ணினாள். படகில் இரண்டு தலைதான் தெரிந்தது.